புதிய திரைப்பட, தொலைக்காட்சிப் படைப்பாளிகளுக்கு இலாப நோக்கற்ற பயிற்சிக்கூடம்: முதல் பேட்ச்சை நடத்தி முடிக்க முழுமையான வழிகாட்டி

படம் எடுக்கக் கற்றுக்கொடுக்கும் இடங்கள் பலவும் ஒரே கட்டத்தில்தான் சறுக்குகின்றன. வகுப்பு நடக்கிறது, ஷூட்டிங் நடக்கிறது, கடைசி நாள் குழுப் புகைப்படமும் எடுத்தாகிவிடுகிறது. படம் மட்டும் பாதி எடிட்டிங்கோடு ஹார்டு டிஸ்க்கில் தூங்குகிறது. எடுத்த படத்தை முடித்துத் திரையில் பார்க்காதவருக்குப் பாதிப் பாடம்தான் கிடைத்திருக்கிறது. தன் ஷாட் எங்கே நீளம், தன் வசனம் எங்கே காதில் விழவில்லை என்பது முடிந்த படத்தை அந்நியர்களோடு உட்கார்ந்து பார்க்கும்போதுதான் உறைக்கும்.

அதனால் நன்கொடையிலும் மானியத்திலும் நடக்கும் பயிற்சிக்கூடம், சேர்ந்தவர்களில் எத்தனை பேர் படத்தை முடித்தார்கள் என்ற ஒரே கணக்கை வைத்துத் தன்னை அளந்துகொள்ள வேண்டும். இங்கே சொல்லப்படும் திட்டம் 12 பேர், 14 வாரம், ஆளுக்கு ஒரு 3 நிமிடப் படம், மொத்தக் கூடத்துக்கும் ஒரே ஒரு கேமரா கிட் என்ற அளவில் போடப்பட்டது. முதல் பேட்ச்சுக்கு இதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம்.

இந்த வகை அமைப்புகளுக்கு நல்ல முன்னோடிகள் உண்டு. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் ஆப்பல்ஷாப் 1969-இல் உள்ளூர் இளைஞர்களுக்கான படப் பயிற்சிப் பட்டறையாகத் தொடங்கியது. அமெரிக்க நடிகரும் இயக்குநருமான ராபர்ட் ரெட்ஃபோர்டு சன்டான்ஸ் இன்ஸ்டிட்யூட்டை 1981-இல் நிறுவினார். இயக்குநர் மீரா நாயர் 2004-இல் உகாண்டாவின் கம்பாலாவில் மைஷா ஃபிலிம் லேப்பைத் தொடங்கினார். மூன்றிலும் அனுபவசாலிகள் பக்கத்தில் இருக்க, புதியவர்கள் கையால் செய்து கற்றார்கள்.

1. கடைசி வாரத்திலிருந்து பின்னோக்கித் திட்டமிடுங்கள்

முதலில் திரையிடும் நாளைக் குறித்து, அரங்கத்துக்கு முன்பணம் கொடுத்துவிடுங்கள். பிறகு பின்னோக்கி வாருங்கள்.

- 14-ஆம் வாரம்: திரையிடல், மாஸ்டர் (படத்தின் இறுதிக் கோப்பு) ஒப்படைப்பு
- 10 முதல் 13 வரை: எடிட்டிங், ஒலி, வண்ணச் சீரமைப்பு
- 6 முதல் 9 வரை: ஷூட்டிங், வாரத்துக்கு 3 நாள், மொத்தம் 12 நாள், நாளுக்கு ஒரு படம்
- 4, 5: ஸ்கிரிப்ட், லொக்கேஷன் பார்ப்பது, நடிகர் தேர்வு
- 1 முதல் 3 வரை: பயிற்சிகள்

12 பேரை ஆறு ஆறாக இரண்டு யூனிட்டாகப் பிரியுங்கள். ஒரு யூனிட் ஷூட்டிங்கில் இருக்கும் நாளில் இன்னொன்று எடிட்டிங்கிலோ முன்தயாரிப்பிலோ இருக்கும். ஒரு கிட் போதும் என்பது இந்தக் கணக்கில்தான்.

யூனிட்டுக்குள் ஆறு பொறுப்புகள்: இயக்கம், ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, முதல் உதவி இயக்கம் (நேரத்தையும் வேலை வரிசையையும் நடத்துவது), கலையும் லைட்டும், கன்டினியூட்டியும் (ஷாட்டுக்கு ஷாட் பொருளும் அசைவும் ஒத்துப்போகிறதா என்று குறித்துவைப்பது) டேட்டாவும் (பதிவான கோப்புகளைப் பாதுகாப்பது). ஆறு படத்தில் எல்லோரும் எல்லாப் பொறுப்பையும் ஒரு முறை சுற்றி வந்துவிடுவார்கள். ஒரு விதியை மட்டும் தளர்த்தாதீர்கள்: ஒரு படத்துக்குக் கன்டினியூட்டி எழுதியவரே அந்தப் படத்தை எடிட் செய்ய வேண்டும். எந்த டேக் நல்லது, எதில் கண்ணாடி டம்ளர் இடம் மாறியது என்று எழுதாமல் விட்டால் அவஸ்தைப்படப்போவது அவரேதான் என்று தெரிந்தால், நோட்டு தானாகவே ஒழுங்காக நிரம்பும். இயக்கியவரைத் தனியாக எடிட் செய்ய விட்டால், கஷ்டப்பட்டு எடுத்த ஷாட்டை வெட்ட மனசு வராது.

2. பதிவு, பணம், உரிமை

அறக்கட்டளையா, சங்கமா, இலாப நோக்கற்ற நிறுவனமா என்பது அந்தந்த நாட்டுச் சட்டத்தைப் பொறுத்தது. எதுவானாலும் பாடம் நடத்துபவரும் வரவு செலவுக் கணக்கில் கையெழுத்திடுபவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது.

பணத்தை மூன்று தனிக் கணக்காகப் பிரியுங்கள்: கூடத்தின் மாதாந்தரச் செலவு, பேட்ச்சின் செலவு, முடிப்புச் செலவு. மூன்றாவது கணக்கில் படச் செலவின் கால் பங்காவது ஷூட்டிங் தொடங்கும் முன்பே ஒதுங்கியிருக்க வேண்டும். ஒலிக்கலவை, வண்ணம், சப்டைட்டில், டிஸ்க்குகள், அரங்க வாடகை எல்லாம் கடைசியில் வருபவை. ஷூட்டிங்கில் ஒரு நாள் நீண்டால் கை முதலில் போவது இந்தப் பணத்தின் மேல்தான், படங்கள் பாதியில் நிற்பதற்கும் இதுவே பெரிய காரணம்.

உரிமை விஷயத்தில் மழுப்பல் கூடாது. படத்தின் உரிமை எடுத்தவருக்கே இருக்கட்டும். கல்விக்காகவும் தன் பணியைக் காட்டுவதற்காகவும் திரையிடும் அனுமதியை மட்டும் அமைப்பு வாங்கிக்கொள்ளட்டும், அதையும் எழுத்தில் வாங்கட்டும். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கோப்பு வையுங்கள். கதை, வசன உரிமைக் கடிதம், நடிகர் ஒவ்வொருவரின் ஒப்புதல், லொக்கேஷன் அனுமதி, இசை உரிமை, நிழற்படம் ஓவியம் எதுவும் பிரேமில் வந்தால் அதற்கான அனுமதி எல்லாம் அதில் இருக்க வேண்டும். நடிகர் கையெழுத்து முதல் ஷாட்டுக்கு முன்பு வாங்கியதாக இருக்க வேண்டும். ஆறு மாதம் கழித்து ஒரு தொலைக்காட்சி நிலையம் படத்தைக் கேட்கும்போது அந்த நடிகர் எங்கே இருப்பார் என்று யாருக்குத் தெரியும்? பின்னணியில் ரேடியோவில் ஓடிய திரைப்பாட்டு ஒன்றே ஒரு நல்ல படத்தை வெளியே காட்ட முடியாமல் செய்துவிடும்.

3. ஆட்களைத் தேர்ந்தெடுப்பது

ஏற்கெனவே எடுத்த படத்தைக் கேட்காதீர்கள். கேட்டால் கேமரா வாங்க வசதி இருந்தவர்கள் மட்டும்தான் வருவார்கள். பதிலாக இரண்டு விஷயம் கேளுங்கள்: தனக்கு நன்றாகத் தெரிந்த ஓர் இடத்தைப் பற்றி ஒரு பக்கம், அந்த இடத்தில் எடுத்த ஐந்து புகைப்படங்கள். போனில் எடுத்தது போதும். பார்வை இருப்பது அதிலேயே தெரியும்.

அடுத்து 30 பேரை அழைத்து, ஆறு ஆறாகப் பிரித்து, ஒரு சின்னக் காட்சியை இரண்டு மணி நேரத்தில் நடத்திக் காட்டச் சொல்லுங்கள். நன்றாகப் பேசுபவரைவிட, பேச்சு முற்றும்போது எழுந்து நாற்காலியை நகர்த்திப்போட்டு வேலையைத் தொடங்குபவரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கட்டணம் வாங்குவதானால் வருமானத்துக்கேற்ப வாங்குங்கள். ஆனால் வசதியற்றவரைத் தடுப்பது கட்டணத்தைவிட 14 வாரக் கூலி இழப்புதான். பயணப்படி, ஷூட்டிங் நாள் சாப்பாடு, இழந்த கூலியில் ஒரு பகுதி என்று பாதிப் பேருக்காவது கொடுக்க முடியாவிட்டால், வகுப்புகளை மாலைக்கும் வார இறுதிக்கும் மாற்றி 14 வாரத்தை 28 ஆக்குங்கள். ஷூட்டிங் நாட்களை மட்டும் துண்டாக்காதீர்கள்.

4. ஒரு கிட்

காசு குறைவாக இருந்தால் முதலில் ஒலிக் கருவியை வாங்குங்கள், பிறகு டிரைபாட், பிறகு லைட், கடைசியில் கேமரா. மங்கலான படத்தைப் பார்வையாளர் பொறுத்துக்கொள்வார். காதில் விழாத வசனத்தை யாரும் பொறுப்பதில்லை.

- ஒலி: குறைந்தது 2 எக்ஸ்.எல்.ஆர். (தொழில்முறை மைக் கேபிள்) உள்ளீடு உள்ள ரெக்கார்டர், முன்னால் இருந்து வரும் ஒலியை அதிகம் பிடிக்கும் குட்டையான ஷாட்கன் மைக், பூம் கம்பி, காற்றுத் தடுப்பு உறை, சட்டையில் மாட்டும் லேப்பல் மைக் 2, காதை முழுதாக மூடும் ஹெட்போன்
- கேமரா: வெளிச்சம், குவியம், ஷட்டர் மூன்றையும் கையால் அமைக்க முடிகிற எந்த உடலும், ஒரு ஜூம் லென்ஸ், ஒரு 50 மி.மீ. லென்ஸ், 4 பேட்டரி, 128 ஜி.பி. கார்டு 4
- ஃப்ளூயிட் ஹெட் (கேமராவைச் சீராகத் திருப்ப உதவும் தலைப்பகுதி) உள்ள டிரைபாட் 1
- நிறத்துல்லியக் குறியீடு 95-க்கு மேல் உள்ள எல்.இ.டி. லைட் 3, மடக்கு ரிஃப்ளெக்டர் 1, லைட்டையும் ரிஃப்ளெக்டரையும் தாங்கும் சி-ஸ்டாண்டு 2, மணல் பை 4
- கிளாப் போர்டு, துணி டேப், எக்ஸ்டென்ஷன் ஒயர், முதலுதவிப் பெட்டி

கிட்டோடு ஒரு நோட்டும் போகட்டும். எடுத்தவர், கொடுத்தவர், எந்தப் பேட்டரி சீக்கிரம் இறங்குகிறது, எந்தக் கேபிள் கரகரக்கிறது எல்லாம் அதில் எழுதப்பட வேண்டும். கெட்ட கேபிளை நுனியில் முடிச்சுப்போட்டு வையுங்கள். மறுநாள் எடுப்பவருக்கு அதுவே தகவல்.

5. முதல் மூன்று வாரம்: கையைப் பழக்குவது

1920-களின் தொடக்கத்தில் மாஸ்கோவில் சோவியத் இயக்குநர் லெவ் குலெஷோவின் பட்டறைக்கு ஃபிலிம் சுருள் கிடைக்கவில்லை. அவர்கள் 'ஃபிலிம் இல்லாத படங்கள்' என்று ஷாட் ஷாட்டாக மேடையில் நடித்துப் பழகினார்கள். இன்று கார்டில் எவ்வளவு வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பதாலேயே அந்தக் கட்டுப்பாட்டை நாம் வலிந்து கொண்டுவர வேண்டியிருக்கிறது.

முதல் வாரப் பயிற்சி இது. ஒருவர் அறைக்குள் வருகிறார், எதையோ தேடுகிறார், கிடைக்கிறது. ஏழே ஷாட், வசனம் கிடையாது, எடிட்டிங்கும் கிடையாது. வரிசையாக எடுத்து, எடுத்தபடியே போட்டுக் காட்ட வேண்டும். முதல் முயற்சியில் பொதுவாக மூன்று தவறு வரும். கதவிலிருந்து இடமிருந்து வலமாக வந்தவர் அடுத்த ஷாட்டில் வலமிருந்து இடமாக நடப்பார். கேமரா 180 பாகைக் கோட்டை, அதாவது காட்சியின் ஒரே பக்கத்தில் நிற்பதற்காக மனதில் போட்டுக்கொள்ளும் கோட்டைத் தாண்டியதே காரணம். ஏழு ஷாட்டும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும், எல்லோரும் இடுப்பளவு ஷாட்டிலேயே நிற்பார்கள். தேடும் பொருள் கிடைத்த கணம் மட்டும் காணாமல் போயிருக்கும், ஏனென்றால் கைக்கு ஒரு க்ளோஸப் வேண்டும் என்று யாருக்கும் தோன்றியிருக்காது.

மறுநாள் அதே காட்சியை எடிட்டிங்குக்காக எடுக்கச் சொல்லுங்கள். இப்போது ஒவ்வொரு ஷாட்டிலும் செயலுக்கு முன்னும் பின்னும் 5 வினாடி கூடுதலாக ஓட வேண்டும். பொருளை எடுக்கும் அசைவு இரண்டு ஷாட்டிலும் முழுதாக இருக்க வேண்டும், அப்போதுதான் அசைவின் நடுவில் வெட்ட முடியும்.

இரண்டாம் வாரம் இருவர் உரையாடல், முழுக் காட்சியையும் ஒரே ஷாட்டில் பிடிக்கும் மாஸ்டர் ஷாட் ஒன்று, தோள் மேல் ஷாட் இரண்டு, க்ளோஸப் இரண்டு. மூன்றாம் வாரம் படமே கிடையாது. சொல்லும் இசையும் இல்லாமல் 2 நிமிட ஒலியால் மட்டும் ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். இந்த வாரத்தைத் தவிர்க்கச் சொல்லி எல்லோரும் கேட்பார்கள், விட்டுக்கொடுக்காதீர்கள்.

6. ஸ்கிரிப்ட்

இரண்டு பாத்திரம், அதிகபட்சம் இரண்டு லொக்கேஷன், பகல் வெளிச்சம், 3 நிமிடம். குழந்தை, விலங்கு, ஓடும் வண்டி, மழை எதுவும் முதல் படத்தில் வேண்டாம்.

ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்ற கணக்கு ஆங்கிலத்தில், குறிப்பிட்ட எழுத்துருவில், குறிப்பிட்ட ஓர அளவில் தட்டிய ஸ்கிரிப்ட்டுக்கு ஏற்பட்டது. தமிழில் சொற்கள் நீளம், எழுத்துரு அகலம், பலர் காட்சி விவரிப்பை உரைநடையாக விரித்து எழுதுவார்கள். பக்கத்தை நம்பாமல் ஸ்டாப்வாட்சை நம்புங்கள். வசனத்தை நடிப்பு வேகத்தில் வாசித்து, வசனமில்லாத செயல்களை எழுந்து செய்து பார்த்து நேரம் எடுங்கள். 2 நிமிடம் 40 வினாடிக்கு மேல் போனால் படம் 4 நிமிடத்தில் வந்து நிற்கும்.

ஸ்கிரிப்ட்டை யூனிகோடில் மட்டும் தட்டச்சு செய்யுங்கள். பழைய எழுத்துருவில் அடித்தது இன்னொருவர் போனில் திறந்தால் குப்பையாக வரும், ஷூட்டிங் காலையில் அது தெரியவந்தால் ஒரு மணி நேரம் போய்விடும்.

லொக்கேஷனை எந்த நேரத்தில் எடுக்கப்போகிறீர்களோ அதே நேரத்தில் போய்ப் பாருங்கள். அங்கே 2 நிமிடம் கண்ணை மூடி நில்லுங்கள். பக்கத்துப் பட்டறை, பள்ளி மணி, மோட்டார் எல்லாம் அப்போது காதில் விழும்.

7. ஷூட்டிங் நாள்

18 ஷாட், ஷாட்டுக்கு 25 நிமிடம் என்றால் ஏழரை மணி நேரம். அதை இப்படிப் பிரிக்கலாம்:

- 7.00 யூனிட் வருகை, 7.15 பாதுகாப்பு விளக்கம்: மின்சாரம், வெளியேறும் வழி, முதலுதவிப் பெட்டி இருக்கும் இடம்
- 7.30 நடிகர்களோடு ஒத்திகை, பிறகு லைட்டிங்
- 8.30 முதல் ஷாட்
- 1.00 சாப்பாடு, 45 நிமிடம்
- 1.45 முதல் 4.45 வரை மீதி ஷாட்டுகள்
- 4.45 ஆம்பியன்ஸ் (அந்த இடத்தின் இயல்பான பின்னணி ஒலி) பதிவு, பேக்கப், இடத்தை முன்பிருந்தபடி ஒழுங்குபடுத்துதல்

மதியத்துக்குள் 18-இல் 11 ஷாட் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை என்றால் முதல் உதவி இயக்குநர் இயக்குநரிடம் கேட்க வேண்டிய கேள்வி "எந்த மூன்று ஷாட் இல்லாமல் கதை புரியும்?" என்பது. சாப்பாட்டு நேரத்தில் அந்த முடிவை எடுத்தால் படம் பிழைக்கும். மாலை 4 மணிக்கு எடுத்தால் முடிவுக் காட்சிதான் பலியாகும். அதனால் முக்கியமான க்ளோஸப்பை ஒருபோதும் கடைசிக்கு வைக்காதீர்கள்.

தியேட்டர் நோக்கம் என்றால் வினாடிக்கு 24 பிரேம், 50 ஹெர்ட்ஸ் நாடுகளில் தொலைக்காட்சி நோக்கம் என்றால் 25. முதல் வாரமே முடிவு செய்து 12 படத்துக்கும் அதையே வையுங்கள். மின்சாரம் 50 ஹெர்ட்ஸாக இருக்கும் இடத்தில் ஷட்டர் 1/50 வைத்தால் டியூப்லைட் துடிப்பு பதிவாகாது. 60 ஹெர்ட்ஸ் என்றால் 1/60.

8. ஒலி

இந்தப் பகுதியை அவசரமில்லாமல் படியுங்கள், புதியவர்களின் படங்கள் அதிகம் தோற்பது இங்கேதான். ரெக்கார்டரை 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் வையுங்கள். வசனத்தின் உச்சம் மைனஸ் 12 டெசிபலை ஒட்டி நிற்கட்டும், கோபக் காட்சியிலும் மைனஸ் 6-ஐத் தாண்ட வேண்டாம். சுழியத்தைத் தொட்டால் வெடித்த ஒலியைச் சாதாரண ரெக்கார்டிங்கில் திரும்ப எடுக்க முடியாது.

பூம் மைக் பிரேமின் மேல் விளிம்புக்குச் சற்று வெளியே, வாயிலிருந்து 40 முதல் 60 செ.மீ. தூரத்தில், மார்பை நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். கேமரா மேலேயே மைக்கைச் செருகிவிட்டு எடுப்பவர்களுக்கு வசனத்தைவிட அறையின் எதிரொலிதான் அதிகம் கிடைக்கும். லேப்பல் மைக் சட்டைக்குள் போனால் துணி உரசும். மைக்குக்குக் கீழே கேபிளை ஒரு சின்ன வளையமாக்கித் தோலோடோ துணியோடோ டேப் ஒட்டுங்கள்.

ஃபேன், ஏசி, ஃப்ரிட்ஜ் எல்லாம் அணைக்க வேண்டும். ஃப்ரிட்ஜை அணைப்பவர் தன் வண்டிச் சாவியை அதற்குள் வைத்துவிட வேண்டும். வீட்டுக்குப் போக வண்டி எடுக்கும்போது ஃப்ரிட்ஜ் ஞாபகம் தானாக வரும். இல்லையென்றால் வீடு கொடுத்தவரின் சாமான் கெட்டு, அடுத்த யூனிட்டுக்கு அந்த வீடு கிடைக்காது.

ஒவ்வொரு லொக்கேஷனிலும் யாரும் அசையாமல் 60 வினாடி ஆம்பியன்ஸ் பதிவு செய்யுங்கள். எடிட்டிங்கில் இரண்டு வசனத்துக்கு நடுவே விழும் ஓட்டையை அடைக்க அந்த அறையின் அமைதி மட்டுமே பொருந்தும், வேறு அறையின் அமைதி ஒட்டாது.

9. கார்டும் டிஸ்க்கும்

வினாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் ஒரு மணி நேரம் 45 ஜி.பி. 18 ஷாட், ஷாட்டுக்கு நாலு டேக், டேக்குக்கு 40 வினாடி என்றால் 48 நிமிடம், 36 ஜி.பி. 12 படத்துக்கு 432. ப்ராக்ஸி (எடிட்டிங்குக்கான சிறிய நகல்), ஒலி, மாஸ்டர் எல்லாம் சேர்த்து 2 டி.பி. டிஸ்க் மூன்று போதும். இரண்டு கூடத்தில், ஒன்று வேறு கட்டடத்தில்.

எடுத்து முடித்த கார்டில் சிவப்பு டேப். இரண்டு டிஸ்க்கில் செக்சம் (நகல் மூலத்தோடு அப்படியே ஒத்திருக்கிறதா என்று காட்டும் எண்) சரிபார்க்கும் மென்பொருளால் நகல் எடுத்த பிறகே பச்சை டேப். பச்சை இல்லாத கார்டை யாரும் ஃபார்மேட் செய்யக் கூடாது, ஃபார்மேட் செய்வதும் டேட்டா பொறுப்பாளர் ஒருவர் மட்டும், கேமராவுக்குள்ளேயே. மவுஸால் இழுத்துப் போட்டு நகல் எடுத்தால், நடுவில் அறுந்த கோப்பும் பெயரளவில் முழுதாகத் தெரியும். திறந்து பார்க்கும்போது தெரியும், அதற்குள் கார்டு காலியாகியிருக்கும்.

10. எடிட்டிங் முதல் மாஸ்டர் வரை

முதலில் கிளாப்பை வைத்து ஒலியை ஒத்திசையுங்கள். போனில் எடுத்த ஷாட் இருந்தால் அது மாறும் பிரேம் வேகத்தில் இருக்கக்கூடும். நிலையான வேகத்துக்கு மாற்றாமல் டைம்லைனில் போட்டால் போகப்போக உதடும் குரலும் விலகும்.

படத்துக்கு நான்கு கட்டம்: எல்லா ஷாட்டையும் வரிசைப்படுத்துவது, ரஃப் கட் (தோராயமான முதல் எடிட்), ஃபைன் கட் (சீர்செய்த எடிட்), லாக் (இனி மாறாத எடிட்). ரஃப் கட்டைப் படம் தெரியாத ஐந்து பேருக்குக் காட்டுங்கள். பிடித்ததா என்று கேட்காதீர்கள். "அவருக்கு என்ன வேண்டும்? எப்போது சலிப்பு வந்தது? கடைசியில் என்ன நடந்தது?" என்று கேளுங்கள். ஐந்தில் மூன்று பேர் ஒரே இடத்தைச் சொன்னால் அங்கே ஏதோ உடைந்திருக்கிறது. தீர்வை அவர்கள் சொல்வதிலிருந்து எடுக்காதீர்கள், அது எடிட்டரின் வேலை.

லாக் ஆன பிறகு படம் ஒரு பிரேம்கூட நகரக் கூடாது. நகர்ந்தால் ஒலி வேலை முழுவதும் மறுபடி. ஒலியில் வசனம், ஆம்பியன்ஸ், அசைவு ஒலி, இசை என்று தனித்தனி டிராக். ஐரோப்பிய ஒளிபரப்பு விதியான ஆர் 128 சராசரி ஒலி அளவை மைனஸ் 23 எல்.யூ.எஃப்.எஸ். (காதுக்குக் கேட்கும் உரப்பை அளக்கும் அலகு) என்று வைக்கிறது. வேறு விதி கேட்கும் நிலையத்துக்கு அதன்படி மாற்றிக் கொடுங்கள். வசனம் நீக்கிய இசை, ஒலி டிராக்கைத் தனியாக எடுத்து வைத்தால் வேறு மொழிக்கு டப்பிங் செய்யும் வழி திறந்திருக்கும். தமிழ் சப்டைட்டிலை யூ.டி.எஃப்-8 வடிவில் சேமியுங்கள், இல்லையென்றால் திரையில் கட்டம் கட்டமாக வரும்.

11. தொலைக்காட்சிக்கு என்று தனியே

குறும்படம் கற்றவருக்குத் தொடர் தானாக வராது. மூன்று நாள் ஒதுக்குங்கள். ஒரு நாள் மட்டும் இரண்டு கேமராவை இரவல் வாங்கி, மூன்று கேமரா வைத்து 10 நிமிட நேர்காணலை நேரலை போல் மாற்றி மாற்றிப் பதிவு செய்யட்டும். மீதி இரண்டு நாள் ஆறு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒரே தொடரின் ஆறு எபிசோடுக்கு ஒன்லைன் (சுருக்கமான கதைக் குறிப்பு) எழுதட்டும். தன் யோசனையை இன்னொருவர் எபிசோடுக்குக் கொடுத்துவிடும் மனசு அங்கேதான் பழகும், தொடர் எழுத்தில் அதற்குத்தான் வேலை கிடைக்கிறது.

12. கூடத்தின் பாதுகாப்பு

புகார் சொல்ல, பாடம் எடுக்காத, தேர்வில் சம்பந்தமில்லாத ஒருவரை முதல் நாளே அறிமுகப்படுத்துங்கள். மென்டார் யாரும் பயில்பவரைத் தன் சொந்தப் படத்துக்குச் சம்பளமில்லாமல் அழைக்கக் கூடாது. நெருக்கமான காட்சி இருந்தால் எங்கே தொடுவது, எங்கே தொடக் கூடாது என்பது ஒத்திகையிலேயே நடிகர் சம்மதத்தோடு எழுதப்பட்டு, படப்பிடிப்பில் அதற்கு மேல் ஓர் அசைவும் கேட்கப்படக் கூடாது.

13. திரையிடலுக்குப் பிறகு

திரையிடும் அரங்கில் இரண்டு நாள் முன்பே 12 கோப்பையும் ஓட்டிப் பாருங்கள், மடிக்கணினியில் நன்றாக ஓடியது அங்கே இருட்டாகத் தெரியலாம். விழாக்களுக்கு அனுப்ப நினைப்பவர்கள் படத்தை இணையத்தில் ஏற்றாமல் காத்திருக்கட்டும், முதல் திரையிடல் தங்களுடையதாக இருக்க வேண்டும் என்று கேட்கும் விழாக்கள் உண்டு. ஒரு வருடத்துக்கு மாதம் ஒரு மாலை கூடத்தைத் திறந்து வையுங்கள். அடுத்த ஸ்கிரிப்ட்டை வாசிக்க, ஓர் ஒப்பந்தத்தைப் புரிந்துகொள்ள, கிட்டை ஒரு நாள் கேட்க அவர்கள் வருவார்கள்.

மாஸ்டர், ஒலி டிராக்குகள், ப்ராஜெக்ட் கோப்பு, உரிமைக் கோப்பின் ஸ்கேன் எல்லாம் ஒரே ஃபோல்டரில், படத்தின் பெயர், வருடம், பதிப்பு எண் போட்டு, மூன்று டிஸ்க்கிலும் இருக்கட்டும். அலமாரியில் சும்மா இருக்கும் டிஸ்க்கும் கெடும். வருடம் ஒரு முறை மூன்றையும் கணினியில் சொருகி, செக்சத்தை ஓட்டி, ஒவ்வொரு படத்தையும் ஒரு நிமிடமாவது போட்டுப் பார்த்து, தேதியை டிஸ்க்கின் மேல் ஒட்டிய டேப்பில் எழுதுங்கள்.